ஒரு கன கஜத்துக்கு எத்தனை கன அடி?

கணக்கு சார், சுடலைமுத்துவைப் பள்ளிக்கூடத்தை விட்டுத் துரத்தியது நீங்கள்தான். தெரியாமல் செய்யவில்லை. தெரிந்தே செய்தீர்கள்.

இதைப் பக்குவமாகச் சொல்ல எனக்கு வராது. போன வாரம் என் அப்பாவின் தச்சுப் பட்டறையைப் பற்றி எழுதியிருந்தேன். மரத்தூள் வாசனையே அடித்தது என்று சிலர் கடிதம் போட்டிருந்தார்கள். சந்தோஷம். இந்த வாரம் வாசனை ஒன்றும் இல்லை.

பெயரைப் போட வேண்டாம் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டுக்கொண்டார். போடவில்லை. சங்கரன்கோவிலில் அந்தக் காலத்தில் ஆறாம் பாரம், அதாவது பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பு, படித்த எவருக்கும் பெயர் தேவைப்படாது.

சுதந்திரம் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. மாசி வெயில். சன்னலுக்கு வெளியே பருத்தி வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. காற்றில் வந்த பஞ்சு ஒன்று உங்கள் மேசைமேல் உட்கார்ந்தது. நீங்கள் அதை ஊதிவிட்டு, "சுடலைமுத்து, இருபத்தொம்பது" என்றீர்கள்.

அது செலக்‌ஷன் தேர்வு. ஒவ்வொரு பாடத்திலும் முப்பத்தைந்து வாங்கினால்தான் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்கு அனுப்புவார்கள். வாங்காதவன் இன்னொரு வருஷம் அதே பெஞ்சில் உட்கார வேண்டும். வீடு தாங்கும் என்றால் அது வெறும் அவமானத்தோடு போய்விடும். சுடலைமுத்துவின் வீடு தாங்காது. திருவேங்கடம் பக்கத்து மானாவாரிக் காட்டில் ஆடு வைத்துப் பிழைக்கிற குடும்பம். இந்த வருஷத்தோடு படிப்பு சரி என்று அவன் அண்ணன் சொல்லிவிட்டான். பாஸ் பண்ணினால் சர்வேயர் வேலைக்கு எழுதிப் போடுவது, இல்லையென்றால் ஆட்டுக் கிடைக்குக் காவல் போவது. அவனுக்கு முன்னால் இருந்தது அந்த இரண்டே வழி.

அவனைக் கவிழ்த்த கேள்வி எட்டு மார்க் கேள்வி. அது இதுதான்: "ஒரு குளத்தில் 12 கஜம் நீளம், 8 கஜம் அகலம், 2 கஜம் ஆழத்துக்கு மண் வெட்டி எடுக்கப்பட்டது. எடுத்த மண் எத்தனை கன அடி?"

சுடலைமுத்து 5184 என்று எழுதியிருந்தான். நானும் அப்படித்தான். இரண்டு பேருக்கும் சுழி போட்டிருந்தீர்கள். எனக்கு மற்றக் கணக்குகளில் மார்க் இருந்தது, தப்பித்தேன். அவனுக்கு அந்த எட்டு சேர்ந்திருந்தால் முப்பத்தேழு.

வகுப்பில் மற்றவர்கள் எல்லோரும் 576 என்று எழுதி எட்டையும் வாங்கிக்கொண்டார்கள்.

கஞ்சி போட்டு ஒட்டிய பக்கங்கள்

எல்லோருக்கும் எப்படி ஒரே தப்பு வந்தது என்று வாசகர்கள் கேட்பார்கள். அதற்கு உங்கள் புத்தகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மாணவர்களுக்கான கணக்குக் கேள்விகள் என்று நீங்களே எழுதி, நீங்களே அச்சடித்து, நீங்களே வகுப்பில் விற்ற புத்தகம். முன்னால் அளவை மாற்றம்: கஜம், அடி, அங்குலம், ராத்தல், அவுன்ஸ். நடுவில் அல்ஜீப்ரா. கடைசி இரண்டு பக்கத்தில் கால்குலஸ் என்று தலைப்பிட்டுச் சில கேள்விகள். காலேஜுக்குப் போகிறவர்களுக்கு உதவும் என்று குறிப்பு வேறு. அந்த இரண்டு பக்கத்தை நீங்கள் ஒரு நாளும் நடத்தியதில்லை.

அதற்குப் பின்னால் விடைகள். பையன்கள் பார்க்கக் கூடாது என்று விடைப் பக்கங்களைக் கஞ்சி தடவி ஒட்டித்தான் விற்பீர்கள். வருஷக் கடைசியில் பிரித்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு.

சங்கரன்கோவிலில் போய்க் கஞ்சியை நம்பினீர்களே, சார். பாதி வகுப்பு தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். பாவு நூலுக்குக் கஞ்சி போடுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள். ஈரத்துணியை எப்படி வைத்தால் பசை இளகும், காகிதம் கிழியாது என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துபடி. புத்தகம் வாங்கிய வாரமே எல்லா விடையும் தெருவுக்குத் தெருவு போய்விடும். பிறகு அரிசிக்கஞ்சியே தடவி மறுபடி ஒட்டிவிடுவார்கள். உங்கள் ஒட்டலைவிட அவர்கள் ஒட்டல் சுத்தமாக இருக்கும்.

அதனால் எங்கள் வகுப்பில் கணக்குப் போடுவது என்றால் விடைக்குப் போய்ச் சேருவது என்று ஆகிவிட்டது. விடையைக் கையில் பிடித்துக்கொண்டு பின்பக்கமாக நடப்பார்கள். அல்ஜீப்ராவில் ஒருவனுக்கு ஏழு வந்தது. புத்தகத்தில் கழித்தல் ஏழு. அவன் வழியில் எங்கேயோ ஒரு கோட்டைக் கிழித்துக் கழித்தல் ஆக்கிவிட்டான். எங்கே கிழித்தாய் என்று நான் கேட்டதற்கு, "எடம் இருந்த எடத்துல கிழிச்சேன்" என்றான். அதற்கும் நீங்கள் முழு மார்க் போட்டீர்கள்.

இந்தக் குளத்துக் கணக்குக்குப் புத்தகத்தில் விடை 576. பன்னிரண்டை எட்டால், இரண்டால் பெருக்கினால் 192 கன கஜம். ஒரு கஜத்துக்கு மூன்று அடி, ஆகவே மூன்றால் பெருக்கு. எல்லோரும் அப்படியே செய்தார்கள். கன கஜம் என்றால் நீளத்தில் மூன்று, அகலத்தில் மூன்று, ஆழத்திலும் மூன்று. ஆக இருபத்தேழு. இது மூளை உள்ளவனுக்குத் தெரியும். ஆனால் இருபத்தேழால் பெருக்கினால் புத்தகத்து விடை வராதே.

உங்கள் காது சிவந்தது

மார்க் வாசித்து முடித்ததும் சுடலைமுத்து உங்கள் மேசைக்கு வந்தான். நான் கூட வந்தேன். அவன் குரலை உயர்த்தவில்லை. அவனுக்கு அது தெரியாது.

"சார், கஜத்த மொதல்லயே அடியாக்கிட்டேன். முப்பத்தாறு, இருபத்துநாலு, ஆறு. பெருக்கினா ஐயாயிரத்துச் சொச்சம்தான சார் வருது?"

"புத்தகத்துல என்னலே போட்டிருக்கு?"

"அந்தப் பக்கத்தத்தான் ஒட்டியிருக்கே, சார்."

வகுப்பு சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. ஒரு பென்சிலை எடுத்து சாக்கட்டி டப்பாவின் மூடிமேல் முப்பத்தாறை இருபத்துநாலால் பெருக்கினீர்கள். பிறகு ஆறால் பெருக்கத் தொடங்கினீர்கள். நான் எதிர்ப்பக்கம் நின்று தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி இலக்கம் வரும் முன்பே பென்சில் நின்றது. உங்கள் காது சிவந்தது. மூடியைத் திருப்பிப் போட்டுவிட்டு, "போய் உக்காருங்கலே" என்றீர்கள்.

அந்த நிமிஷம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தே செய்தீர்கள் என்று நான் சொல்வது அதை வைத்துத்தான்.

மூணு பெட்டியில் முடிந்த கணக்கு

நாங்கள் தலைமையாசிரியரிடம் போனோம். அவர் தமிழ் படித்தவர். கணக்கென்றால் அவருக்குப் பயம். இரண்டு பக்கமும் கேட்டுவிட்டு மூக்குப்பொடி போட்டுக்கொண்டார். கணக்கு வாத்தியார் புத்தகத்தில் இருக்கிறது என்கிறார், பையன்கள் இல்லை என்கிறார்கள், நான் என்ன செய்ய என்றார். எனக்கு ஆத்திரம். "தோண்டிக் காட்டுதோம் சார்" என்று சொல்லிவிட்டேன்.

அவருக்கு அது பிடித்துப்போயிற்று. பள்ளிக்கூடத்துக் கிழக்கு வேலியோரம் வேப்பங்கன்று நடக் குழி வேண்டியிருந்தது. ஒரு கஜத்துக்கு ஒரு கஜம், ஒரு கஜ ஆழம். தோண்டி, ஒரு அடிப் பெட்டியால் அளந்து காட்டுங்கள். இருபத்தேழு வந்தால் மார்க்கைச் சேர்க்கச் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தார். நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள். சரி என்றீர்கள்.

பெட்டியை நான் அப்பாவின் பட்டறையில் செய்தேன். உள்ளளவு ஓரடிக்கு ஓரடிக்கு ஓரடி. மூலைமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்துச் செய்தது. அதில் ஒரு மயிரிழை கூடப் பிசகு கிடையாது. இன்றைக்கும் சவால் விடுவேன்.

சனிக்கிழமை குழி வெட்டினோம். கரிசல் மண். மேலே வெடித்துக் கிடந்தது, கீழே இரும்பு. மம்பட்டி இறங்கவில்லை, கடப்பாரை போட்டோம். பள்ளிக்கூடத்து ஓரடி ஸ்கேலை வைத்து வைத்து அளந்து பக்கங்களைச் செதுக்கினோம். வகுப்பு முழுக்க வேடிக்கை பார்க்க வந்திருந்தது. நீங்கள் குடை பிடித்து நின்றீர்கள்.

வெட்டிய மண்ணைப் பெட்டியில் அள்ளித் தலை தட்டி எண்ணினோம். களத்தில் தானியம் அளக்கிற மாதிரி முதல் பெட்டிக்கு ஒண்ணு என்று சொல்லாமல் "லாபம்" என்றான் சுடலை. பிறகு ரெண்டு. பிறகு மூணு.

நான் நிறுத்தினேன். "மூணு பெட்டி ஆயிட்டு. புத்தகப்படி கணக்கு முடிஞ்சுது. எல்லாரும் வீட்டுக்குப் போங்கல" என்றேன்.

தலைமையாசிரியரே சிரித்துவிட்டார். நீங்கள் என்னைப் பார்த்த பார்வை எனக்குத் தெரியும். அந்தப் பார்வைக்காக நான் வருத்தப்பட்டது கிடையாது.

ஆனால் எண்ணிக்கை இருபத்தேழில் நிற்கவில்லை. மண் இன்னும் குவிந்து கிடந்தது. முப்பது போயிற்று. முப்பத்தாறில் முடிந்தது.

நீங்கள் குடையை மடக்கினீர்கள். "புத்தகம் ஒண்ணு சொல்லுது, நீ ஒண்ணு சொல்லுத, மண்ணு ஒண்ணு சொல்லுது. மண்ணுக்கும் எட்டு மார்க் போட்டிரட்டா?"

வகுப்பு இப்போது உங்கள் பக்கம் சிரித்தது.

மட்டம்

இங்கே கொஞ்சம் விலகிப் போக வேண்டியிருக்கிறது.

குளம் வெட்டுகிற வேலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பள்ளம் பறிக்கும்போது நடுவே அங்கங்கே ஒரு மண் திட்டைத் தொடாமல் விட்டுவைப்பார்கள். பழைய தரை எந்த உயரத்தில் இருந்தது என்பதற்கு அதுதான் அத்தாட்சி. மட்டம் என்பார்கள். ஓவர்சியர் வந்து அந்தத் திட்டின் உச்சியிலிருந்து பள்ளத்தின் தரைவரை அளந்துதான் எவ்வளவு மண் வெட்டியிருக்கிறார்கள் என்று கணக்குப் போடுவார். கரையில் கொட்டிய மண்ணை யாரும் அளப்பதில்லை. வெட்டிய மண் உப்பிப்போகும், அதனால். அளந்து முடித்த பிறகுதான் திட்டை வெட்டி எறிவார்கள்.

நாங்கள் செய்த முட்டாள்தனம் அதுதான். இறுகிக் கிடந்த கரிசலைப் பெயர்த்துக் கட்டி கட்டியாகப் பெட்டியில் போட்டால் நடுவில் எல்லாம் காற்று. தோண்டும் அவசரத்தில் எனக்கும் தோன்றவில்லை, சுடலைக்கும் தோன்றவில்லை.

அவனுக்குத்தான் முதலில் உறைத்தது. "சார், மண்ணு உப்பிட்டு. குமிச்ச மண்ண அளக்கப்புடாது, குழியத்தான் அளக்கணும். ஓடை மணல அளந்து குழிக்குள்ள போடுதோம். திங்கக்கெழம வரைக்கும் பொறுங்க" என்றான்.

தலைமையாசிரியர் பொறுத்தார். நீங்கள் ஆட்சேபித்தீர்கள். அவர் அதையும் மீறிப் பொறுத்தார். அந்த மட்டுக்கு நல்ல மனிதர்.

ஓடை மணல்

அப்பாவுக்குத் தெரிந்த வண்டிக்காரர் ஓடையிலிருந்து மணல் கொண்டுவந்து தட்டினார். காய்ந்த மணல். பெட்டியிலும் அதே மணல், குழியிலும் அதே மணல். உப்புவதற்கு ஒன்றும் இல்லை. லாபம், ரெண்டு என்று மறுபடி தொடங்கினோம். மணல் சூடு, கால் வைக்க முடியவில்லை. நான் இருபத்தைந்து என்று சொல்லும்போது குழி வாய்க்குக் கிட்டத்தில் வந்துவிட்டது. சுடலை முகத்தில் சிரிப்பு.

இருபத்தேழாவது பெட்டி கொட்டினோம். பலகையால் மட்டம் தட்டினோம். குழி நிறையவில்லை. விளிம்புக்குக் கீழே ஓர் அங்குலத்துக்கு மேல் இடைவெளி கிடந்தது.

இருபத்தெட்டு போட்டோம். அதுவும் போதவில்லை. இன்னும் கொஞ்சம், பெட்டியின் அடி மறைகிற அளவு மணல் எடுத்துப் போட்ட பிறகுதான் நிறைந்தது.

"முந்தாநேத்து முப்பத்தாறு. இன்னிக்கு இருபத்தெட்டு. நாளைக்கு எத்தனலே?" என்றீர்கள். பிறகு தலைமையாசிரியர் பக்கம் திரும்பி, கணக்கில் கிட்டத்தட்ட என்பதற்கு இடம் கிடையாது என்று விளக்கினீர்கள். இருபத்தேழு என்றார்கள், இருபத்தேழு வரவில்லை, அவ்வளவுதான் என்றீர்கள்.

தலைமையாசிரியர் தரையைப் பார்த்துக்கொண்டு, "இருபத்தேழு வரலையேப்பா" என்றார்.

"மூணும் வரல, சார்" என்றான் சுடலைமுத்து.

அந்தப் பேச்சு இன்றுவரை அங்கேயே கிடக்கிறது.

மார்க் மாறவில்லை. பரீட்சைக்குப் பெயர்ப் பட்டியல் போயிற்று, அவன் பெயர் இல்லாமல். அந்த வாரமே பஸ் ஏறிப் போய்விட்டான். குழியில் வேப்பங்கன்று வைத்தார்கள். அதுவும் பிழைக்கவில்லை.

கால் அங்குலம்

நான் பாஸ் பண்ணி பாளையங்கோட்டையில் இண்டர்மீடியட் சேர்ந்தேன். எனக்கு அங்கே ஒன்றும் பெரிதாகப் பிடிக்கவில்லை. சாப்பாட்டில் உப்பு இருக்காது, பேச்சில் இங்கிலீஷ் அதிகம்.

ஒரு காலை வகுப்பில் கால்குலஸ் தொடங்கினார்கள். ஒரு கனசதுரத்தின் பக்கம் x. அது h அளவு கூடினால் கனம் எவ்வளவு கூடும்? முதலில் அல்ஜீப்ரா. (x + h)³ என்பதை விரித்தால் x³ + 3x²h, பிறகு சில்லறை. h மிகச் சிறியது என்றால் அந்தச் சில்லறையை விட்டுவிடலாம். கூடுவது 3x²h. பக்கத்தில் வந்த சின்னப் பிசகு கனத்தில் விகிதப்படி மூன்று மடங்காகக் கேட்கும் என்றார் விரிவுரையாளர்.

அந்தக் குழிதான் என் கண்ணில் வந்தது.

நாங்கள் கஜத்தை எப்படி அளந்தோம்? ஓரடி ஸ்கேலை மூன்று தடவை வைத்து. ஒரு தடவை வைத்து, நுனியில் பெருவிரல் நகத்தை ஊன்றி, நகத்துக்கு அந்தப் பக்கம் ஸ்கேலை மறுபடி வைத்து. இரண்டு தடவை நகம் நடுவில் வந்தது. அது ஒவ்வொன்றும் கால் அங்குலம். ஆக ஒவ்வொரு பக்கத்திலும் அரை அங்குலம் கூடுதலாக வெட்டியிருக்கிறோம். பெட்டிக்கு அந்தப் பிசகு இல்லை. அதை ஒரே தடவையில் அளந்து செய்தேன்.

அரை அங்குலம் என்றால் அடியில் இருபத்துநாலில் ஒரு பங்கு. மூன்று, பெருக்கல் ஒன்பது, பெருக்கல் இருபத்துநாலில் ஒன்று. ஒன்றே அரைக்கால், அதாவது ஒன்றும் எட்டில் ஒரு பங்கும். இருபத்தேழோடு சேர்த்தால் இருபத்தெட்டே அரைக்கால். ஒரு பெட்டியும் இன்னும் கொஞ்சம் மணலும் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது.

பக்கம் x என்றால் கனம் x³, அதன் மாறுவீதம் 3x² என்பது உங்கள் புத்தகத்துக் கடைசிப் பக்கத்திலேயே இருக்கிறது, சார். போய்ப் பாருங்கள்.

அந்த வாரக் கடைசியில் திருவேங்கடம் போனேன். பருத்தி எடுத்து முடிந்த காட்டில் சுடலைமுத்து ஆட்டை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தான். மெலிந்திருந்தான். நான் மூச்சு வாங்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கையிலிருந்த கம்பால் தரையில் தானே ஒரு தடவை போட்டுப் பார்த்தான். விரித்து எழுதினான், பெருக்கினான்.

"ஒண்ணே அரைக்கா" என்றான். "சரியாத்தாம்ல இருக்கு."

ஒரு ஆடு ஓடையில் இறங்கப் பார்த்தது. அதை விரட்டிவிட்டு வந்தான். எனக்கு அவன் அழுவான் என்று நினைப்பு. அழவில்லை.

"சாருட்ட சொன்னியா?"

"இனிமத்தான் போணும்."

"போயிச் சொல்லு. ஒத்துக்கிட்டார்னா எனக்கு ஒரு கார்டு போடு" என்றான்.

நான் உங்கள் வீட்டுக்கு வந்தேன். நீங்கள் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். எல்லாம் கேட்டீர்கள். தப்பென்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டுச் சொன்னீர்கள்: "அவன்தான் போயிட்டான்லா. இனி யாருக்கு இது வேணும்?"

நான் கார்டு போடவில்லை. போடுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

மறுபதிப்பு

இதையெல்லாம் இவ்வளவு காலம் கழித்து ஏன் கிளறுகிறாய் என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். காரணம் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன் உங்கள் புத்தகம் மறுபடி வந்திருக்கிறது. நல்ல காகிதம், கெட்டி அட்டை. அளவைகள் மாறிவிட்டன அல்லவா, பழைய கணக்குகளைக் கன அடியில் போட்டு, பிறகு கன மீட்டருக்கு மாற்றச் சொல்லியிருக்கிறீர்கள். குளத்துக் கணக்கும் இருக்கிறது. அதே பன்னிரண்டு கஜம், அதே எட்டு, அதே இரண்டு. விடைப் பக்கத்தைப் பிரித்தேன். இப்போதெல்லாம் ஒட்டுவதில்லை போலிருக்கிறது.

5184 கன அடி என்று போட்டிருக்கிறது.

மாற்றியது பற்றி ஒரு குறிப்பு இல்லை. ஒரு வரி இல்லை. முன்னுரையில் மட்டும், முதற் பதிப்பிலிருந்து ஒரு விடையையும் திருத்த வேண்டிய அவசியம் நேரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்காக உங்களுக்குச் சங்கரன்கோவிலில் மாலை போட்டுக் கூட்டமும் நடத்தியிருக்கிறார்கள்.

தப்பாக அச்சடித்ததை நான் பெரிதாக நினைக்கவில்லை. எவனுக்கும் வரும். நாங்கள் நகத்தை வைத்து அளக்கவில்லையா? ஆனால் உங்கள் தப்புக்கு ஒரு பையன் விலை கொடுத்தான். அவன் சொன்ன விடையை எடுத்து உங்கள் புத்தகத்தில் வைத்துக்கொண்டீர்கள். வைத்துக்கொண்டு, மாற்றவே இல்லை என்கிறீர்கள்.

உங்களுக்கு வயதாகிவிட்டது, விட்டுவிடு என்கிறார்கள். சுடலைமுத்துவுக்கும் வயதாகிவிட்டது. அவன் திருவேங்கடத்தில்தான் இருக்கிறான். இந்தப் பத்திரிகையை வாரம் தவறாமல் வாங்குகிறான்.

நீங்கள் எழுதினால் இதே பக்கத்தில், இதே அளவு இடம் தருவதாக ஆசிரியர் சொல்லியிருக்கிறார். எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம், ஆள் அனுப்பவும் வேண்டாம், வந்தால் பிரிக்க மாட்டேன். 576 என்ற விடையை எப்போது மாற்றினீர்கள், அது தப்பென்று உங்களுக்கு முதலில் சொன்னவன் யார், அவன் பெயர் என்ன, அன்றைக்கு அவனுக்கு ஏன் அந்த எட்டு மார்க்கைத் தரவில்லை? ஊர் படிக்க, உங்கள் பெயரைக் கீழே போட்டு, இங்கே பதில் எழுதுங்கள், சார்.